ஒரு விசில் வலது, ரெண்டு விசில் இடது

நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்து, ரெண்டு விசில் அடித்தால் போ. டிரைவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கண்டக்டரிடம் இருப்பது ஒரே விசில், அதிலிருந்து வருவது ஒரே சத்தம். ஆனாலும் இரண்டு கட்டளை கொடுக்க முடிகிறது. இதே முறையில் ஒரு காலத்தில் விமானம் ஓட்டியிருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

ஆள் ஏறுகிற விமானம் இல்லை. இரண்டரை அடியிலிருந்து ஆறடி வரை இறக்கை வைத்த, பால்சா மரத்தில் செய்த மாடல் விமானம். தரையில் நிற்பவர் கையில் ஒரே ஒரு பொத்தான். ஒரு தடவை அழுத்திப் பிடித்தால் வலது பக்கம் திரும்பும். அழுத்தி, விட்டு, உடனே மறுபடி அழுத்திப் பிடித்தால் இடது பக்கம். கையை எடுத்தால் நேராகப் போகும். அவ்வளவுதான். மேலே ஏறு, கீழே இறங்கு, வேகத்தைக் குறை... இதற்கெல்லாம் பொத்தானே கிடையாது.

இதற்குப் பெயர் சிங்கிள் சேனல் ரேடியோ கன்ட்ரோல். இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்து 1970கள் வரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் சாதாரண ஆட்கள் ரேடியோவில் விமானம் விட்டது பெரும்பாலும் இந்த முறையில்தான். ரேடியோ கன்ட்ரோல் வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு பத்தியில் தாண்டிவிடுவார்கள். "ஆரம்பத்தில் கருவிகள் எளிமையாக இருந்தன, பிறகு முன்னேற்றம் வந்தது" என்ற மாதிரி. எனக்கு அதில் உடன்பாடில்லை. இது அரைகுறை வேலை இல்லை, முழுமையான ஒரு தீர்வு என்பது என் கட்சி. ரேடியோவால் செய்ய முடியாத வேலையை எல்லாம் விமானத்தின் வடிவத்திடம் ஒப்படைத்துவிட்ட தீர்வு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

ரொம்பப் பின்னால் என்றால் 1898. நியூயார்க்கில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் நிக்கோலா டெஸ்லா ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, அதில் நாலடி நீளத்துக்கு ஒரு படகை மிதக்கவிட்டார். கம்பி எதுவும் இல்லாமல் அதைத் திருப்பிக் காட்டினார். பார்த்தவர்களில் சிலர் மந்திரம் என்றார்கள். உள்ளே குரங்கைப் பழக்கி உட்கார வைத்திருக்கிறார் என்றுகூடப் பேச்சு வந்ததாம். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அந்தப் படகுக்குள்ளும் வந்தது ஒரே வகை சிக்னல்தான். ஒவ்வொரு சிக்னலுக்கும் உள்ளே ஒரு சக்கரம் ஒரு படி நகரும். எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கேற்ப சுக்கான் திரும்பும், அல்லது நிற்கும். சிங்கிள் சேனலின் மூளை அப்போதே தயார். பறப்பதற்கு ஏற்ற எடையில் அதைச் செய்ய மட்டும் கிட்டத்தட்ட 40 வருடம் ஆயிற்று.

அதைச் செய்தவர்கள் நம்மைப் போலக் கல்லூரி மாணவர்கள். வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊர். (இந்த ஊர் பெயரைச் சொல்லிப் பார்க்கவே ஜாலியாக இருக்கிறது.) வால்டருக்கு மாடல் விமானப் பைத்தியம், வில்லியமுக்கு ஹாம் ரேடியோ பைத்தியம். ஒருவர் விமானத்தைக் கட்ட, இன்னொருவர் ரேடியோவைக் கட்ட, 1937இல் எட்டடி இறக்கை கொண்ட 'கஃப்' என்ற விமானம் பறந்தது. அதே வருடம் டெட்ராய்ட்டில் நடந்த தேசியப் போட்டியில் முதன்முறையாக ரேடியோ கன்ட்ரோலுக்கென்று ஒரு பிரிவு வைத்தார்கள். ஜெயித்தவர் செஸ்டர் லான்சோ. அடுத்த வருடத்திலிருந்து குட் சகோதரர்கள் ஜெயிக்க ஆரம்பித்தார்கள். 'கஃப்' 1960இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

எட்டடி இறக்கை ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஆசைக்காக இல்லை, பாரத்துக்காக. அன்றைய ரேடியோ என்றால் கண்ணாடி வால்வு. வால்வு வேலை செய்ய இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, அது போக உயர் மின்னழுத்தத்துக்கு இன்னொரு பேட்டரி. இத்தனையையும் தூக்கப் பெரிய இறக்கை வேண்டும், பெரிய இறக்கைக்குப் பெரிய இன்ஜின் வேண்டும். அது போக, ரேடியோ அலை அனுப்ப ஹாம் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மோர்ஸ் உட்படப் பரீட்சை எழுத வேண்டும். ஆக, மரவேலையும் தெரிந்து, ரேடியோவும் தெரிந்து, பரீட்சையும் பாஸ் செய்தவர்களுக்கு மட்டுமான பொழுதுபோக்காக இது இருந்தது.

1938இல் ரேதியான் கம்பெனி ஆர்கே61 என்று ஒரு சின்ன வால்வை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரேடியோ கன்ட்ரோல் மாடல்களை மனதில் வைத்தே விற்கப்பட்ட வால்வு அது. உள்ளே முழு வெற்றிடம் இல்லாமல் கொஞ்சம் வாயு இருக்கும். அதனால் ஒற்றை வால்வை வைத்தே சிக்னலைப் பிடித்து, ஒரு ரிலேயை இழுக்கிற அளவுக்கு மின்னோட்ட மாற்றத்தை உண்டாக்க முடிந்தது. ரிசீவர் என்றால் ஒரு வால்வு, ஒரு காயில், நாலைந்து சில்லறைப் பாகங்கள், ஒரு ரிலே. முடிந்தது கதை. ஆனால் நல்ல நேரத்தில் வந்த சரக்கு இல்லை அது. 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஹாம் ரேடியோவை அரசு நிறுத்திவிட்டது. பொழுதுபோக்காகப் பறப்பவர்கள் போர் முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதாயிற்று.

போர் இன்னொரு பக்கம் உதவியும் செய்தது. பீரங்கிக் குண்டு இலக்கின் பக்கத்தில் போனதும் தானே வெடிப்பதற்காக அதன் முனையில் குட்டி ரேடியோ வைக்கும் ஆராய்ச்சி நடந்தது. அதற்காகக் காது கேட்கும் கருவியில் இருந்த சின்ன வால்வுகளை இன்னும் சிறிதாக்கி, இன்னும் உறுதியாக்கினார்கள். வால்டர் குட் வேலை பார்த்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வுக்கூடம்தான் அந்தத் திட்டத்தின் மையம். போருக்குப் பின் குட்டி வால்வுகளும், காது கருவிக்கான இருபத்திரண்டரை வோல்ட் பேட்டரிகளும் கடையில் கிடைத்தன. இரண்டைச் சேர்த்தால் 45 வோல்ட், ரிசீவருக்கு அது போதும்.

பிறகு அரசாங்கங்களும் இறங்கி வந்தன. 1950களில் அமெரிக்காவில் 27.255 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பரீட்சை இல்லாமல் மாடல்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இங்கிலாந்தில் தபால் துறையிடம் ஒரு பவுண்டு கட்டினால் ஐந்து வருடத்துக்கு லைசென்ஸ், அங்கேயும் பரீட்சை இல்லை. என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கு உண்மையில் பிறந்தது 1937இல் இல்லை, இந்தப் பரீட்சை போனபோதுதான். (பரீட்சை ரத்தானால் எதுதான் வளராது! :-))

சரி, கருவிக்கு வருவோம். தரையில் ஒரு இரும்புப் பெட்டி. அதன் மேல் ஒன்பதடி உயரத்துக்கு ஏரியல். பெட்டியிலிருந்து ஒரு வயர், வயர் முனையில் பொத்தான். கையில் பொத்தானை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணை விமானத்திலிருந்து எடுக்காமல் நிற்கலாம். பொத்தானை அழுத்தினால் அலை போகும், விட்டால் நிற்கும். விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரில் சிக்னல் இல்லாதபோது ஒன்றரை மில்லியாம்பியர் அளவுக்கு ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டம், சிக்னல் வந்ததும் சடாரென்று சரியும். அந்தச் சரிவில் ரிலே 'டிக்' என்று மாறும். ஒன்றரை மில்லியாம்பியர் என்பது எவ்வளவு அற்பம் என்று பிசிக்ஸ் படிக்கிற நண்பர்களைக் கேளுங்கள். அந்த அற்பத்துக்குள் ரிலேயின் ஸ்பிரிங்கைச் சரிசெய்து வைக்க வேண்டும். இறுக்கினால் இழுக்காது, தளர்த்தினால் விடாது. இன்ஜின் அதிர்ச்சியில் ரிலே தானாகவே படபடக்கும் என்பதால் ரிசீவரை ரப்பர் பேண்டுகளில் தொட்டில் மாதிரித் தொங்கவிடுவார்கள், அல்லது ஃபோம் சுற்றி வைப்பார்கள். ஒவ்வொரு தடவை பறக்கவிடும் முன்பும் விமானத்தின் வயிற்றில் மீட்டரைச் சொருகி, நண்பரை மைதானத்தின் அந்தக் கோடிக்கு அனுப்பி, "அழுத்து... விடு... அழுத்து..." என்று முள்ளைப் பார்த்துக்கொண்டே கத்த வேண்டும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமையில் பாதி இதிலேயே போயிருக்கும்.

ரிலே மாறியதும் சுக்கானைத் திருப்ப வேண்டுமே, அதற்கு மோட்டார் எங்கே? மோட்டாரே இல்லை. ரப்பர்! விமானத்தின் உடல் நீளத்துக்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம். பறக்கும் முன் அதை நூற்றுக்கணக்கான சுற்று முறுக்கி வைப்பார்கள். ரப்பரின் ஒரு முனையில் எஸ்கேப்மென்ட் என்ற சின்னக் கருவி. சுவர்க்கடிகாரத்தில் டிக் டிக் என்று சத்தம் போடும் பாகம் இருக்கிறதே, அதன் தம்பி. முறுக்கிய ரப்பர் ஒரு சிறு நகத்தைச் சுழற்றப் பார்க்கும், ஒரு தடுப்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். மின்காந்தம் இழுத்ததும் தடுப்பு விலக, நகம் கால் சுற்று சுற்றி அடுத்த தடுப்பில் போய் நிற்கும். அப்போது சுக்கான் ஒரு பக்கம் திரும்பியிருக்கும். பொத்தானை விட்டதும் இன்னொரு கால் சுற்று, சுக்கான் நேர். மறுபடி அழுத்தினால் அடுத்த கால் சுற்று, இப்போது சுக்கான் எதிர்ப்பக்கம். விட்டால் நேர். சுக்கானைத் தள்ளுகிற பலம் முழுக்க ரப்பருடையது. மின்சாரம் தடுப்பை மட்டும் விலக்கும், அதனால் மிகச் சின்ன பேட்டரி போதும். இந்தச் சிக்கனத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இந்த முதல் வகையில் ஒரு வம்பு உண்டு. வலது, நேர், இடது, நேர் என்று வரிசையாகத்தான் வரும். கடைசியாக அழுத்தியது வலதா இடதா என்று ஓட்டுபவர் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். கண்டக்டரிடம் ஒற்றை விசில் மட்டும் இருந்து, முதல் விசிலுக்கு நிற்க வேண்டும், அடுத்த விசிலுக்குப் போக வேண்டும், அதற்கடுத்ததற்கு நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு விசில் டிரைவர் காதில் விழவில்லை என்றால் அன்றைய டிரிப் முழுக்கத் தலைகீழ்தான். விமானத்தில் பஸ்ஸை விட மோசம். தரையை நோக்கி வருகிறது, வலது வேண்டும் என்று அழுத்துகிறீர்கள், இடது வருகிறது. விட்டு மறுபடி அழுத்துவதற்குள் பூமி வந்துவிடும். பல வார மரவேலை ஒரு வினாடியில் விறகாகும்.

இதைத் தீர்த்தது காம்பவுண்ட் எஸ்கேப்மென்ட். பொத்தானை விட்டால் நகம் எங்கே இருந்தாலும் தொடக்க இடத்துக்கே திரும்பிவிடும். அதனால் ஒரு அழுத்தல் எப்போதும் வலது, இரண்டு அழுத்தல் எப்போதும் இடது. இதுதான் நம்ம கண்டக்டர் முறை. மூன்று அழுத்தலுக்கு இன்னொரு எஸ்கேப்மென்ட்டைத் தட்டிவிட்டு இன்ஜின் வேகத்தை மாற்றிக்கொள்ளவும் வழி செய்தார்கள். அமெரிக்காவில் போனர் கம்பெனியின் 'வேரிகாம்ப்' இந்த வகையில் பேர்போனது. இங்கிலாந்தில் 'எல்மிக்' என்ற பெயர் அந்தக் கால ஆட்களுக்கு மறக்காது. நம் தலைமுறைக்குப் புரிகிற மாதிரி சொன்னால் மிஸ்டு கால். ஒரு ரிங் என்றால் வீட்டுக்கு வந்துவிட்டேன், ரெண்டு ரிங் என்றால் நீ கூப்பிடு. காசு செலவாகாமல், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் விஷயம் போய்விடும் இல்லையா?

இப்போது முக்கியமான கேள்வி. சுக்கான் மட்டும் இருக்கிறது, அதுவும் முழுசாக வலது அல்லது முழுசாக இடது, நடுவில் கொஞ்சம் என்பதே கிடையாது. இதை வைத்து எப்படி ஏற்றி இறக்குகிறார்கள்?

இங்கேதான் விமானத்தின் வடிவம் வேலையைக் கையில் எடுத்துக்கொள்கிறது. இந்த மாடல்களின் இறக்கைகள் தட்டையாக இருக்காது. நுனிகள் மேல்நோக்கித் தூக்கி, முன்னாலிருந்து பார்த்தால் அகலமாக விரித்த 'வி' மாதிரி இருக்கும். காற்று ஒரு பக்கம் சாய்த்தாலும் தானாக நிமிர்ந்துகொள்ளும். அடிப்படையில் இவை ரேடியோவே இல்லாமல் சும்மா விட்டால் தானே பறக்கக்கூடிய விமானங்கள். ரேடியோ செய்வது நடுநடுவே "அந்தப் பக்கம் போப்பா" என்று தோளில் தட்டுவதுதான். சுக்கான் திரும்பினால் மூக்கு திரும்பும், மூக்கு திரும்பினால் அந்த 'வி' வடிவம் காரணமாக விமானம் அந்தப் பக்கமே சாயும், சாய்ந்தால் வளையும். பொத்தானைத் தொட்டுத் தொட்டு விட்டால் லேசான திருப்பம்.

அழுத்தியே பிடித்தால்? சாய்வு கூடிக்கொண்டே போய், மூக்கு கீழே விழுந்து, திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டு இறங்கும். உயரம் குறைக்க வேண்டும் என்றால் இதுதான் வழி. இறங்கும்போது வேகம் ஏறும். இப்போது பொத்தானை விடுங்கள். விமானம் நிமிரும். ஆனால் வாங்கிய வேகம் கையில் இருக்கிறதே, அது இறக்கையைத் தூக்க, மூக்கு மேலே போய் விமானம் ஜிவ்வென்று ஏறும். வேகம் போதுமான அளவு இருந்தால் அப்படியே பின்னால் சாய்ந்து ஒரு முழு வட்டம் அடித்துவிடும். அதாவது லூப்! மூக்கைத் தூக்குகிற கருவியே இல்லாத விமானத்தில் லூப். ஏறுகிற நேரத்தில் மறுபடி அழுத்தினால் உருண்டு ரோல் மாதிரி ஒன்றும் வரும். உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குவது, வேகத்தைக் கொடுத்து உயரத்தை வாங்குவது. பி.காம் பாஷையில் சொன்னால் காண்ட்ரா என்ட்ரி. கையில் இருந்து பேங்க்குக்கு, பேங்க்கில் இருந்து கைக்கு.

இதைப் படித்தபோதுதான் "அது கன்ட்ரோலே இல்லை, விமானம் தானாகப் பறந்தது" என்கிற வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு குச்சி வைத்த இன்றைய டிரான்ஸ்மிட்டரில் விமானத்தை என்ன செய்யச் சொல்கிறோமோ அதைச் செய்கிறது. சிங்கிள் சேனலில் விமானம் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று ஓட்டுபவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எத்தனை சுற்று திருகினால் எவ்வளவு வேகம், எப்போது விட்டால் காற்றை எதிர்த்து நிமிரும், என்றெல்லாம் கணக்கு. விமானம் நம்மை நோக்கி வரும்போது அதன் வலது நமக்கு இடதாகிவிடும் என்பது தனித் தலைவலி. அந்த நேரத்தில் ஒரு அழுத்தலா, ரெண்டா என்று யோசித்துக்கொண்டு நிற்க முடியாது.

இறங்குவதற்கும் சாய்ஸ் இல்லை. மூன்றாவது அழுத்தல் வசதி இல்லாத சின்ன விமானங்களில் இன்ஜின் ஒரே வேகம்தான், எரிபொருள் தீரும்வரை ஓடும். சில நிமிடத்தில் இன்ஜின் நின்றதும் மௌனமாகச் சறுக்கி வரும் விமானத்தை, காற்று வரும் திசையைப் பார்த்து, வளைத்து வளைத்து உயரத்தைக் கரைத்து மைதானத்துக்குள் கொண்டுவர வேண்டும். தவறவிட்டால் இரண்டாவது முயற்சி கிடையாது. நடுவில் ரப்பர் முறுக்கு தீர்ந்தாலோ பேட்டரி தளர்ந்தாலோ, விமானம் சமர்த்தாகத் தானே பறந்துகொண்டு காற்றோடு அடுத்த ஊருக்குப் போய்விடும். நன்றாகக் கட்டிய விமானம்தான் ரொம்ப தூரம் போகும் என்பது இதில் இருக்கிற சோகம். அதனால் உடம்பில் பெயரும் விலாசமும் எழுதி ஒட்டுவார்கள். கண்டெடுத்த விவசாயி நல்லவராக இருந்தால் திரும்பி வரும்.

அந்தக் கருவியை வைத்துக்கொண்டு கொஞ்சநஞ்ச வேலையா செய்தார்கள்? இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் வடிவமைத்த 'ரேடியோ குவீன்' என்ற மாடல் 1954இல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது. அதே டாப்ளின் 1957 ஜூன் 30 அன்று 'ரேடியோ குவீன்' ஒன்றில் மின்மோட்டாரை வைத்துப் பறக்கவிட்டார். ரேடியோ கட்டுப்பாட்டில் மின்சார விமானம் பறந்ததாகப் பதிவான முதல் நிகழ்ச்சி அது. இன்றைய ட்ரோன் கல்யாண வீடியோக்களுக்குக் கொள்ளுத்தாத்தா.

சின்ன விமானங்களின் பொற்காலத்தைக் கொண்டுவந்தவை இரண்டு பொருள். ஒன்று டிரான்சிஸ்டர். 45 வோல்ட் பேட்டரி போயிற்று, கண்ணாடி வால்வு போயிற்று, கொஞ்ச நாளில் முரண்டு பிடிக்கும் ரிலேயும் போயிற்று. டார்ச்சில் போடுகிற சின்ன செல் இரண்டு மூன்று இருந்தால் ரிசீவர் ஓடியது. இன்னொன்று காக்ஸ் கம்பெனியின் குட்டி இன்ஜின்கள். 1956இல் வந்த 'பேப் பீ' 0.8 சிசி, பின்னாலேயே டேங்க், மொத்தமும் உள்ளங்கைக்குள் அடங்கும். மெத்தனாலோடு விளக்கெண்ணெயும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருள். ஆமாம், பாட்டி கொடுக்கிற அதே விளக்கெண்ணெய்தான். புகையில் எரிந்த விளக்கெண்ணெய் வாசனை வரும், விமானத்தின் ஒரு பக்கம் முழுக்க எண்ணெய் வழியும். இதைவிடச் சின்ன இன்ஜினுக்காகக் கென் வில்லார்ட் என்பவர் வரைந்த 'ஸ்கூல்பாய்' விமானத்துக்கு இறக்கை இரண்டரை அடிக்குள்தான். எட்டடி 'கஃப்' எங்கே, இது எங்கே! பள்ளிக்கூடப் பையன் பாக்கெட் மணி சேர்த்து வாங்கி, அதை சைக்கிளில் வைத்து மைதானத்துக்குக் கொண்டுபோகலாம்.

ஒரே ஒரு பிரச்சினை. இந்த மலிவு ரிசீவர்களுக்குப் பக்கத்து அலைவரிசை, தன் அலைவரிசை என்ற பேதம் தெரியாது. யார் பொத்தானை அழுத்தினாலும் எல்லோருடைய சுக்கானும் திரும்பும். அதனால் மைதானத்தில் பத்துப் பேர் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு விமானம்தான். மீதி ஒன்பது பேர் வரிசையில். பின்னாளில் துல்லியமான ரிசீவர்கள் வந்து, 27 மெகாஹெர்ட்ஸை ஆறு துண்டாக்கி பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நிறம் கொடுத்து, ஏரியலில் நாடா கட்டிக்கொண்டு ஆறு பேர் சேர்ந்து விட்டார்கள்.

வசதி இருந்தவர்கள் இதற்குள் வேறு பாதையில் போய்விட்டார்கள். ஒவ்வொரு ஸ்வர ஒலிக்கும் ஒவ்வொரு எஃகு நாக்கு அதிர்கிற 'ரீட்' கருவிகள் வந்தன. பத்து சேனல் வரைக்கும். 1960இல் சுவிட்சர்லாந்தில் நடந்த முதல் உலக ரேடியோ கன்ட்ரோல் சாகசப் போட்டியில் 'ஓரியன்' விமானத்தோடு எட் காஸ்மிர்ஸ்கி ஜெயித்தது ரீட் வைத்துத்தான். அடுத்த சில வருடங்களில் டக் ஸ்ப்ரெங், டான் மேத்ஸ் இருவரும் டிஜிட்டல் புரொபோர்ஷனல் முறையைக் கொண்டுவந்தார்கள். குச்சியை எவ்வளவு நகர்த்தினாலும் சுக்கானும் அவ்வளவே நகரும். இன்றுவரை அதே அடிப்படைதான்.

அப்படியானால் சிங்கிள் சேனல் அன்றைக்கே செத்திருக்க வேண்டுமே? சாகவில்லை. காரணம் விலை. புரொபோர்ஷனல் செட் ஒன்று பல நூறு டாலர், 1960களின் டாலர். அந்தக் காசுக்கு ஓடுகிற நிலையில் பழைய கார் வாங்கலாம். மேலான சரக்கு சந்தைக்கு வந்துவிட்டது என்பதாலேயே பழைய சரக்கு போய்விடாது, வாங்கக்கூடிய விலைக்கு அது வர வேண்டும். கிட்டத்தட்ட பத்து வருடம் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே பறந்தன.

அந்த இடைவெளியில் முளைத்த ஒரு விசித்திரத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. பெயர் 'கேலப்பிங் கோஸ்ட்', பாய்ந்தோடும் பேய். அதே ஒற்றைச் சேனலை வினாடிக்குச் சில தடவை ஆன், ஆஃப் என்று துடிக்க விடுவது. சுக்கான் இடதும் வலதுமாக ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். ஆன் நேரம் கூடுதலாக இருந்தால் சராசரியாக ஒரு பக்கம், ஆஃப் கூடினால் மறுபக்கம். துடிப்பின் வேகத்தை மாற்றினால் மூக்கு மேலே, கீழே. விமானம் நாய்க்குட்டி மாதிரி வாலை ஆட்டிக்கொண்டே போகும். காற்றுக்கு அந்த ஆட்டம் தெரியாது, சராசரிதான் தெரியும். பார்க்கக் கோமாளித்தனம், ஆனால் ஏழைக்கேற்ற புரொபோர்ஷனல். துடிப்பின் அகலத்தில் செய்தியை ஒளித்து அனுப்பும் இந்த யோசனைதான் இன்றைய சர்வோ மோட்டார் ஒவ்வொன்றிலும் இருக்கிறது.

1970களில் புரொபோர்ஷனல் செட்களின் விலை இறங்க இறங்க, சிங்கிள் சேனல் கடைகளிலிருந்து மெல்ல மறைந்தது. அலைவரிசையும் கெட்டுப்போயிற்று. அமெரிக்காவில் 1958இலேயே 27 மெகாஹெர்ட்ஸை லாரி டிரைவர்கள் பேசும் சிபி ரேடியோவுக்கும் கொடுத்துவிட்டார்கள். சாலையில் ஒருவர் பேச வாயைத் திறந்தால் மைதானத்தில் ஒருவர் விமானம் விழும். இங்கிலாந்தில் திருட்டுத்தனமாக சிபி பரவி, 1981இல் சட்டபூர்வமாகவும் ஆயிற்று. அதே காலகட்டத்தில் விமானக்காரர்கள் 35 மெகாஹெர்ட்ஸுக்கு இடம்பெயர்ந்தார்கள். 2005இல் ஸ்பெக்ட்ரம் கம்பெனி 2.4 கிகாஹெர்ட்ஸ் செட்டைக் கொண்டுவந்த பிறகு நிற நாடா, வரிசை எல்லாமே பழங்கதை.

ஆனால் சிங்கிள் சேனல் திரும்பி வந்திருக்கிறது. சிறுவயதில் பொத்தான் அழுத்தியவர்கள் ஓய்வு பெற்றபின் பரணில் இருந்ததை இறக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பழைய ரேடியோக்களுக்கென்றே விண்டேஜ் ஆர்சி சொசைட்டி என்ற சங்கம் இருக்கிறது. இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி பழைய வால்வு, பழைய ரப்பர், பழைய எஸ்கேப்மென்ட்டையே சரிசெய்து பறக்கவிடுகிறது. இன்னொரு கட்சி பழைய பெட்டிக்குள் இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் மாட்யூலையும் ஒரு சின்ன சிப்பையும் வைத்து, அழுத்தலை எண்ணி, ஒன்று என்றால் வலது, இரண்டு என்றால் இடது என்று சாதாரண சர்வோவை அசைக்க வைக்கிறது. விமானத்தில் ரப்பர் கிடையாது, வேறு சிக்னல் குறுக்கிடும் பயமும் இல்லை.

இரண்டாவது கட்சியைப் போலி என்று முதல் கட்சி கேலி செய்யலாம். நான் இரண்டாவது கட்சி பக்கம். இந்தக் கலை ரிலேயில் இல்லை, ஒன்பதடி ஏரியலிலும் இல்லை. சிப் வைத்த பெட்டியிலும் மூக்கைத் தூக்கப் பொத்தான் கிடையாது. லூப் வேண்டுமென்றால் அதே மாதிரி திருகி இறங்கி, வேகம் சேர்த்து, காற்றுக்கு எதிரே திரும்பும் நேரம் பார்த்துக் கையை எடுத்தாக வேண்டும். இன்ஜின் நின்றபின் மைதானத்துக்குள் இறங்க அவர்களுக்கும் ஒரே ஒரு வாய்ப்புதான்.